பந்தக்காலும் ஒற்றை டிக்கும்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே சிலிபினில் கலாதேவியின் வீட்டு வாசலில் மூங்கில் வந்து இறங்கிவிட்டது. மாவிலை வந்துவிட்டது. மஞ்சள் துணியும் நவதானியமும் தட்டில் தயாராக இருந்தன. முன்வாசல் முழுக்கச் சிமெண்டு போட்ட வரிசை வீடு என்பதால், பந்தக்காலை ஊன்றுவதற்கு ஒரு காலிப் பெயிண்ட் டின்னில் மண் நிரப்பி, அதற்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அந்த டின் பிறந்ததிலிருந்து இப்படி ஒரு மரியாதையைப் பார்த்திருக்காது.

வரவேண்டியவர் ஒருவர்தான் பாக்கி. மணப்பெண்ணின் தாய்மாமன், லோரி ஓட்டும் பத்துமலை. அவர் வருவாரா மாட்டாரா என்பது யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம் நம் இதழைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போய்த் திருப்பித் தராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கலாதேவியின் மகள் ஷர்மினிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு மண்டபத்தில் திருமணம். இரண்டு மாதத்துக்கு முன்பே ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போய், வெற்றிலைபாக்குத் தட்டு வைத்து அண்ணனை அழைத்துவிட்டு வந்தாள் கலாதேவி. தட்டை வாங்கிக்கொண்ட பத்துமலை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கல்யாணத்த கோப்பெங் தோட்டத்துக் கோயில்ல வெச்சா என்ன கலா?”

அண்ணனும் தங்கையும் பிறந்த தோட்டம் அது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. சனங்கள் எல்லாரும் வெளியேறிவிட்டார்கள். சின்னதாக ஒரு மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. கலாதேவிக்கு அன்றைக்குப் பயணக் களைப்பு. வாய் முந்திக்கொண்டது.

“அங்க கார் நிறுத்தவும் எடமில்ல, கக்கூஸும் இல்ல. கொசுவுக்கா விருந்து வைக்கிறது?”

பத்துமலை சிரித்தார். “சரிம்மா, உன் இஷ்டம்” என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் தவறாமல் வரும் அவருடைய போன் நின்றுபோனது.

நின்றதும் இவள் ஒரு போன் அடித்திருக்கலாம் அல்லவா? அடிக்கமாட்டாள். ரோஷம். “எப்பவும் கூப்புடுற மனுசன் அவருதான். அவரே கூப்புடட்டும்” என்று அவள் ஏழு வெள்ளிக்கிழமைகளைத் தள்ளிவிட்டாள்.

இதற்கிடையில் பந்தல் போடும் சதாசிவம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கல்யாணக் கார்டில் பந்தக்கால் ஊன்றுவது புதன்கிழமை என்று அச்சாகியிருந்தது. புதன்கிழமை தன்னிடம் ஒரு கூடாரமும் மிச்சமில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். ஆகவே மூன்று நாள் முன்னதாக, இந்த ஞாயிறு மாலை மூன்றரையிலிருந்து நாலரைக்குள் என்று மாற்றவேண்டியதாயிற்று. கொடுத்த கார்டுகளைத் திரும்ப வாங்கவா முடியும்? மெசேஜ்தான் போடவேண்டும்.

குடும்பத்துக்கென்று வாட்ஸ்அப் என்கிற புலனத்தில் ஒரு குழு இருந்தது உண்மைதான். பொங்கலுக்கு யார் போட்ட கோலம் சொந்தக் கோலம், யார் போட்டது எங்கேயோ சுட்ட படம் என்று சண்டை வந்து, பாதிப்பேர் வெளியேறி, மீதிப்பேர் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். அதில் கல்யாணச் செய்தியைப் போட ஷர்மினிக்கு விருப்பமில்லை. அம்மாவின் போனில் எண்பத்தாறு பேரைச் சேர்த்து ஒரு பட்டியல் போட்டாள்.

“ஒரு தடவ தட்டினா எல்லாருக்கும் தனித்தனியா போவும்மா. ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும் நீ அனுப்புனேன்னு நெனப்பாங்க.”

கலாதேவிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீடு வீடாகப் போய் வாசலில் நின்று சொன்ன மாதிரி ஆயிற்றே! பத்து நாளுக்கு முன்னால் அவளே தன் விரலால் தட்டி அனுப்பினாள். எழுபத்தைந்து பேருக்குப் போய்ச் சேர்ந்தது. வாழ்த்து வந்தது, கும்பிடும் கைகள் வந்தன, ஆடும் ரோஜாப்பூ வந்தது.

மற்றவர்கள் இருக்கட்டும், அண்ணனுக்குப் போன மெசேஜின் கீழேயே ஒற்றை டிக் நின்றது. சாம்பல் நிறத்தில், ஒரே ஒரு கோடு. பத்து நாளாக அப்படியே இருக்கிறது. போன் அடித்துச் சொல்ல ரோஷம் விடவில்லை, வேறு யாரையும் அடிக்க அவள் விடவுமில்லை.

கலாதேவி இன்று காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சேமியாவை வறுக்கும்போது பார்த்தாள். கருகியது. மறுபடி வறுத்தாள்.

“எத்தன தடவதான் பார்ப்ப? பாத்தா மட்டும் ரெண்டாவது டிக் விழுந்துருமா?” என்றார் கணவர் ஜெயபாலன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுப் பழகியதால் வீட்டில் யார் என்ன சொன்னாலும் பதறமாட்டார்.

“தீபாவளிக்கு அனுப்புனப்ப ரெண்டு டிக் விழுந்துச்சு. இப்ப மட்டும் ஏன் விழல?”

“லைன் இருக்காது. கடலோர ஊருலா.”

“பத்து நாளாவா லைன் இல்ல?”

பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நாத்தனார் தினேஸ்வரி எட்டிப் பார்த்தாள். போன் விஷயத்தில் அவள் பேச்சுக்கு இந்த வீட்டில் அப்பீல் கிடையாது. குழுவில் சுட்ட கோலத்தைக் கண்டுபிடித்தவளே அவள்தான்.

“அண்ணி, நான் சொல்றேன்னு மனசு வருத்தப்படாதீங்க. தீபாவளிக்கு ரெண்டு டிக், இப்ப ஒத்த டிக்குன்னா ஒரே அர்த்தம்தான். உங்கள பிளாக் பண்ணிட்டாரு.”

“பிளாக்குன்னா?”

“கதவ சாத்துற மாதிரி. நீங்க என்ன அனுப்புனாலும் அவருக்குப் போவாது.”

கலாதேவி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“சேச்சே, உங்க அண்ணனுக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றார் ஜெயபாலன் வேகமாக.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஜெயபாலன் ஒரு வினாடி மனைவியைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். “சதாசிவம் கயித்த சரியா கட்றானான்னு பாத்துட்டு வாரேன்” என்று எழுந்து போய்விட்டார். சதாசிவம் அப்போது கயிறே கட்டவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. பந்தக்காலில் முதல் கை தாய்மாமன் கை. அவர் மூங்கிலைப் பிடித்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். கலாதேவியின் கல்யாணத்துக்கு அவள் மாமா பிடித்தார். பத்துமலையின் கல்யாணத்தில் மாமாவுக்குக் கால் உடைந்திருந்தபோது, நாற்காலியோடு தூக்கி வந்து பிடிக்க வைத்தார்கள். இன்றைக்கு வேறொருவர் கை வைத்துவிட்டால், புதன்கிழமை வந்து நிற்கும் அண்ணனிடம் என்ன சொல்வது? ‘நீங்க இல்லாமலே முடிச்சுட்டோம்’ என்றா? அதற்குப் பிறகு அவர் மண்டபத்துக்கு வந்தாலும் விருந்தாளி மாதிரி வந்து, சாப்பிட்டு, கை கழுவிப் போய்விடுவார்.

உள்ளே அறையில் ஷர்மினிக்கு மனம் வேறு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றில் அவள் முன்மேசையில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு ‘நாளை வாருங்கள்’ என்று சொல்கிற வேலை. வராதவர்கள் எல்லாரும் கோபத்தில் வராமல் இருப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அம்மாவின் போனை எடுத்து, மெசேஜ் போகாத பெயர்களை வரிசையாகப் பார்த்தாள். பதினொரு பேர். மாமா ஒருவர். புந்தோங்கில் பூ விற்கும் அக்கா. சட்டை தைப்பவர். அப்பாவின் பழைய வேன் முதலாளி. அவளுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த டீச்சர்.

இவர்கள் பதினொரு பேரும் கூடிப் பேசி ஒரே நாளில் அம்மாவுக்குக் கதவைச் சாத்தினார்களா? பூக்கார அக்கா அம்மாவிடம் கோபித்துக்கொண்டால் கல்யாண மாலை வியாபாரம் போய்விடுமே.

அந்த அக்காவுக்கே போன் அடித்தாள்.

“அக்கா, பத்து நாளைக்கு முன்ன எங்க அம்மாகிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சா?”

“ஒண்ணும் வரலயே மா. ஏன்லா?”

“உங்க போன்ல அம்மா நம்பர் இருக்கா? பேரு போட்டு வெச்சிருக்கீங்களா?”

“இல்ல மா. அம்மா நேரா கடைக்கு வந்துருவாங்க, இல்லாட்டி அவங்களே அடிப்பாங்க. நான் எதுக்கு எழுதி வைக்க?”

டீச்சரிடம் கேட்டாள். அதே பதில். தையல்காரரிடம் கேட்டாள். அவர் புதுப் போன் மாற்றியதில் எல்லா நம்பரும் போய்விட்டதாம்.

ஷர்மினிக்குப் புரிந்துவிட்டது. பட்டியல் போட்டு மொத்தமாக அனுப்புகிற மெசேஜ், யார் தன் போனில் அம்மாவின் நம்பரைப் பெயரோடு பதிந்து வைத்திருக்கிறாரோ அவருக்குத்தான் போகும். பதியாதவருக்குப் போகவே போகாது. ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். தீபாவளி வாழ்த்து தனியாக அனுப்பியது, அதனால் போயிற்று. போனுக்கு அது ஒரு விதி. அந்த விதியைத் தெரிந்துகொள்ளாமல் பட்டியல் போட்டது அவள் தவறு.

சமையலறைக்கு ஓடினாள்.

“அம்மா! மாமா உன்ன பிளாக் பண்ணல!”

கலாதேவியின் முகம் மலர்ந்தது. ஷர்மினி மூச்சு விடாமல் முழுவதையும் சொல்லி முடித்தாள். சொல்லச் சொல்ல அந்த முகம் மறுபடி வாடியதை அவள் கவனிக்கவில்லை.

“அப்ப... அவரு போன்ல என் நம்பரு இல்லையா?”

“இல்லம்மா, அது வந்து...”

“என் பேரே இல்லையா?”

ஷர்மினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

“அது அவரு வாங்கிக் குடுத்த நம்பருடி,” என்றாள் கலாதேவி. கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “உனக்கு மூணு வயசு. உங்கப்பாவுக்கு அப்ப நைட் ஷிப்டு. நானும் நீயும் தனியா இருக்கோம்னு, லோரிய நிறுத்திட்டு ஒரு போன வாங்கிட்டு வந்தாரு. கடையில ஒரு மணி நேரம் நின்னு நம்பர் பாத்தாராம். ‘இத மாத்தாத கலா, எந்த ஊர்ல இருந்தாலும் கூப்புடுவேன்’னாரு. வேற கம்பெனிக்காரன் பாதி காசுக்குக் குடுக்குறேன்னான். நான் மாத்தல. இருபத்தஞ்சு வருசமா மாத்தல.”

“அம்மா...”

“பிளாக் பண்ணியிருந்தா கூட கோவம்னு வெச்சுக்கலாம். கோவம் ஆறிப்போவும். பேரையே எடுத்துட்டாருன்னா?”

அவள் அழுதாள். பாயசத்தில் உப்புக் கரிக்குமோ என்று பயந்து தினேஸ்வரி அடுப்பை அணைத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கெட்டிக்காரி, கெட்டவள் இல்லை.

மணி ஒன்று நாற்பது. ஷர்மினி தன் போனிலிருந்து மாமாவை அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மாமி முத்தம்மாவிடம் இருப்பது பழைய பட்டன் போன். அது அணைந்திருந்தது. கடைசியில் மெசேஜ் எழுதினாள். பட்டியலில் அல்ல, அவருக்கு மட்டும்.

‘மாமா, பந்தக்கால் இன்னைக்கு 3.30க்கு. நாள் மாத்திட்டோம். சொன்ன மெசேஜ் உங்களுக்கு வரல. அம்மா அழுறாங்க. உடனே வாங்க.’

ஒரு டிக். இரண்டு நிமிடம் கழித்து இரண்டாவது டிக் விழுந்தது. இரண்டும் சாம்பல் நிறத்திலேயே நின்றன. போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர் திறந்து பார்க்கவில்லை.

இரண்டரைக்கும் அதே சாம்பல். மூன்று மணிக்கும் அதே சாம்பல்.

மூன்றரைக்குச் சொந்தபந்தங்கள் சேர்ந்துவிட்டார்கள். சதாசிவத்தின் ஆட்கள் கூடாரத்தை விரித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். மூங்கில் உச்சியில் மாவிலை கட்டி, நடுவில் மஞ்சள் துணி முடிந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாரும் அதைப் பார்த்தார்கள், கலாதேவியைப் பார்த்தார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நாலு மணி அடித்ததும் தினேஸ்வரி மெல்ல வந்தாள்.

“அண்ணி, நாலரைக்கு ராகு காலம். தேவன் அண்ணே இருக்காரே, அவரும் முறைக்கு உங்களுக்கு அண்ணன்தானே? சித்தப்பா மகன். அவர கைய வைக்கச் சொல்லலாமா?”

தேவன் ஏற்கெனவே வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராகத்தான் நின்றார்.

“நாலே கால் ஆவட்டும்,” என்றாள் கலாதேவி.

“இன்னும் பாக்கலயா?” என்று ஷர்மினியிடம் கிசுகிசுத்தார் ஜெயபாலன். மனுசனுக்கு முதல்முறையாக நெற்றியில் வியர்த்திருந்தது.

“இல்லப்பா. ரெண்டு டிக்தான். நீலமாவல.”

நாலே காலும் ஆயிற்று. கலாதேவி மூங்கிலின் அருகே போனாள். கையெடுத்துக் கும்பிட்டாள். தேவன் பக்கம் திரும்பி, “வாங்கண்ணே” என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு ஹாரன் கேட்டது. நீளமாக, விடாமல், கல்யாண வீட்டுத் தெருவில் யாரும் அடிக்கக்கூடாத மாதிரி.

மீன் லோரி. பின்பக்கம் ஐஸ் தண்ணீர் தெருவெல்லாம் சொட்ட, சதாசிவத்தின் கூடாரக் கம்பிக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. கதவைத் திறந்து பத்துமலை குதித்தார். ஐம்பத்தேழு வயதுக்காரர் குதிக்கக்கூடாத உயரம். காக்கிக் கால்சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் ஒரு வேட்டி. ஊரிலிருந்து எடுத்து வந்த வேட்டியைக் கட்டக்கூட நேரமில்லை.

“மணி என்ன? மணி என்னலா?”

“நாலு பதினெட்டு மாமா!”

“போதும். தண்ணி குடு.”

வாசல் குழாயில் கையையும் காலையும் கழுவினார். கால்சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றினார். மீன் வாடை குப்பென்று வந்தது. தினேஸ்வரியின் கை மூக்குக்குப் போனது. நல்ல பெண், பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

பத்துமலை மூங்கிலைப் பிடித்தார். அவர் கைக்குக் கீழே ஜெயபாலன் பிடித்தார், அடுத்து தேவன். மூன்று பேருமாகத் தூக்கிப் பெயிண்ட் டின்னில் ஊன்றினார்கள். கலாதேவி பாலை ஊற்றினாள். அவசரத்தில் பாதிப் பால் அண்ணனின் கால்மேல் விழுந்தது. குலவை கேட்டது. சதாசிவம் சுற்றிலும் மண்ணைக் குத்தி இறுக்கினார். மணி நாலு இருபத்தாறு.

எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

“பொதன்கெழமன்னுதானே கார்டுல இருந்துச்சு?” என்றார் பத்துமலை, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி. “மொதலாளி தவுக்கேகிட்ட பொதன்கெழமைக்கு லீவு கேட்டு வெச்சிருக்கேன். சாப்புட்டு வந்து போன எடுக்குறேன், புள்ள மெசேஜு. பீடோர் கிட்ட ஜாம் வேற. உசுர கையில புடிச்சுட்டு வந்தேன்.”

“நீங்க மெசேஜ திறக்கவே இல்லையே மாமா! நீலமாவே ஆவல!”

“எதுக்கு திறக்கணும்? மேல ரெண்டு வரி தெரிஞ்சுச்சு. ‘பந்தக்கால் இன்னைக்கு’ன்னு இருந்துச்சு. அதுக்கு மேல படிச்சுட்டு நிக்கிறதா, வண்டிய எடுக்குறதா?”

கூட்டம் சிரித்தது. கலாதேவி சிரிக்கவில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, நேராக எதிரே வந்து நின்றாள்.

“அண்ணே, என் நம்பர ஏன் அழிச்சீங்க?”

“எந்த நம்பரு?”

“என் போன் நம்பரு. உங்க போன்ல என் பேரு இல்லையாம். அதனாலதான் மெசேஜே வரல. கோயில் விசயத்துல நான் பேசுனது தப்புதான். அதுக்காக என் பேர எடுத்துருவீங்களா?”

பத்துமலை விழித்தார். “நான் எங்க அழிச்சேன்? எழுதவே இல்லையே.”

கலாதேவியின் உதடு துடித்தது. அவர் அவசரமாகக் கால்சட்டைப் பையைத் துழாவிப் போனை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“பாரு. நீயே பாரு.”

ஷர்மினியும் எட்டிப் பார்த்தாள். அந்தப் போனில் பெயர் போட்டு வைத்திருந்தது மொத்தம் ஆறே பேர். ஐஸ் கம்பெனி. டயர் கடை. ரத்தக் கொதிப்பு டாக்டர். கேஸ் கொண்டு வருகிறவர். தவுக்கேயின் மகன். அப்புறம், மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த மருமகள்.

“முத்தம்மா அண்ணி பேரு கூட இல்லையே,” என்றாள் கலாதேவி.

“கட்டுன பொண்டாட்டி நம்பர எழுதி வெச்சா பாக்குறவன் சிரிக்க மாட்டானா? மறந்து போற நம்பரத்தான் நான் எழுதி வைப்பேன். மருமக நம்பரு இன்னும் மனசுல ஏறல. ஏறுனதும் எடுத்துருவேன்.”

பிறகு பத்துமலை கண்ணை மூடிக்கொண்டு, “கோசோங், சாத்து, டுவா...” என்று மலாயில் எண்களைத் தொடங்கினார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் அதே ராகம். பத்து எண்களையும் ஒரு இடத்திலும் நிற்காமல் சொல்லி முடித்தார்.

“லோரியில போற எடமெல்லாம் காசு போடுற போன்லதான் கூப்புடுவேன். சிரம்பான்ல இருந்து, குளுவாங்ல இருந்து, தாய்லாந்து பார்டர்ல இருந்து. எத்தன வருசம் விரலு அதே எண்ண அமுக்கியிருக்கு! எனக்கு சாவு வந்தா கூட கடைசியில மறக்குற நம்பரு அதுவாத்தான் இருக்கும். அத நான் எதுக்கு கலா எழுதி வைக்கணும்?”

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். கலாதேவி அத்தனை பேருக்கு முன்னால் அண்ணனின் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். மீன் வாடை, ஐஸ் தண்ணீர் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. ஏழு வெள்ளிக்கிழமையையும் சேர்த்து அழுது தீர்த்தாள்.

அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் போனில் தானே தன் பெயரையும் நம்பரையும் பதிந்தாள். ‘கலா’ என்று போட்டு, போதாதென்று ‘தங்கச்சி’ என்றும் சேர்த்தாள்.

“உங்க மனசுல இருக்கட்டும். இதுலயும் இருக்கட்டும். இந்த போனுக்கு மனசெல்லாம் தெரியாதாம்.”

“சரிம்மா தாயி.”

“அப்புறம் ஏன்ணே வெள்ளிக்கெழம போன் வரல?”

இந்தக் கேள்விக்குப் பத்துமலையின் முகம் மாறியது.

“நான்தானே உன்கிட்ட அத கேக்கணும்? வாய்ஸ்ல அவ்வளவு சொல்லியும் நீ ஒரு வார்த்த பதில் சொல்லல. சரி, தங்கச்சிக்குக் கோவம்தான், ஆறட்டும்னு விட்டுட்டேன்.”

“எந்த வாய்ஸு?”

“மாப்ளைக்கு அனுப்புனேனே. உன்கிட்ட நேரா சொன்னா அழுவே, மாப்ள பக்குவமா சொல்வாருன்னு...”

எல்லாத் தலைகளும் ஜெயபாலன் பக்கம் திரும்பின. அவர் பந்தக்காலைச் சுற்றியிருந்த மண்ணை, ஏற்கெனவே இறுகிப்போன மண்ணை, மறுபடியும் குத்திக்கொண்டிருந்தார்.

கலாதேவி கையிலிருந்த அண்ணனின் போனைப் புரட்டினாள். கணவரின் நம்பர் அவளுக்கும் மனப்பாடம். கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஒன்றரை மாதத்துக்கு முந்தைய தேதி. நீளமான ஒரு குரல் பதிவு. அதன் கீழே இரண்டு டிக்கும் மைக் படமும், பளிச்சென்ற நீலத்தில்.

“இது போய்ச் சேந்துருக்கு,” என்றாள் கலாதேவி. “கேட்டும் இருக்கீங்க.”

“கலா, அது... எப்ப சொல்றதுன்னு...”

அவள் தட்டினாள். லோரி இன்ஜின் சத்தத்துக்கு நடுவே அண்ணனின் குரல் வந்தது.

“மாப்ள, கோப்பெங் கோயில் விசயம். கலாகிட்ட பக்குவமா சொல்லுங்க. நான் ஏன் கல்யாணத்த அங்க வைக்கச் சொன்னேன்னா, கோயில காலி பண்ணச் சொல்லி கடிதமே வந்துருச்சு. அம்மன எடுத்துட்டுப் போவ தேதியும் குறிச்சுட்டாங்க...”

ஜெயபாலன் வந்து போனை மெல்ல வாங்கி நிறுத்தினார். பள்ளிக்கூட வேனில் நாற்பது பிள்ளைகளுக்கும் பதறாதவர் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

“மண்டபத்துக்குப் பணம் கட்டியாச்சு. கார்டு அடிச்சாச்சு. சொன்னா நீ எல்லாத்தையும் நிறுத்திருவேன்னு பயந்துட்டேன் கலா.”

“எந்த தேதி?”

“அடுத்த ஞாயிறு. காலையில.”

“அடுத்த ஞாயிறு என் கல்யாணம்பா,” என்றாள் ஷர்மினி.